இழந்த கை, கால்களை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையையோ காலையோ இழந்தவர்களும், இழக்கும் நிலையில் இருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன. முதல் சில கேள்விகள் விபத்து நடந்த நேரத்துக்கானவை. பிற்பகுதியில் வருங்கால மருத்துவம் வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் அறுவையில் நரம்பையும் தசையையும் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தே, பத்து வருடம் கழித்து வரும் கருவி அந்த உடம்பில் பொருந்துமா இல்லையா என்பது அமைகிறது.

1. விரல் துண்டாகிவிட்டது. ஐஸ்ல போட்டு எடுத்துட்டு ஓடினா போதுமா?

ஐஸில் நேரடியாகப் போடக் கூடாது. பனிக்கட்டி பட்ட இடத்தில் திசு உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சாது. தண்ணீரில் ஊறப் போடுவதும் தவறு. மண், தூசி இருந்தால் சலைனில் லேசாக அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து வாயை நன்றாகக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் குளிர்ந்திருக்க வேண்டும், உறையக் கூடாது. ஸ்பிரிட், கிருமிநாசினி எதையும் அதன் மேல் ஊற்ற வேண்டாம்.

விரலோ கையோ தோலின் ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த இழையை வெட்டாதீர்கள். ரத்தம் திரும்பிப் போகும் ஒரே சிரை அதற்குள் ஓடிக்கொண்டிருக்கலாம். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மட்டும் மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.

2. எட்டு மணி நேரம் ஆயிடுச்சு. இனிமே ஒட்ட வைக்க முடியாதா?

எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தது. ரத்தம் இல்லாமல் முதலில் சாவது தசை. விரலில் தசை கிடையாது. எலும்பு, தசைநாண் (தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகும் நார்), தோல்தான். அதனால் குளிர வைக்காத விரல்கூடச் சுமார் 12 மணி நேரம் தாங்கும், சரியாகக் குளிர வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். முழங்கையோ காலோ அப்படியில்லை. தசை நிறைந்த உறுப்பு குளிர வைக்காவிட்டால் 6 மணி நேரம், குளிர வைத்தால் 12 மணி நேரம் என்றுதான் கணக்கு.

இந்தக் கணக்கு மீறிய கையை அவசரப்பட்டு இணைத்தால் வேறு ஆபத்து உண்டு. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் மற்றக் கழிவுகளும் உடம்புக்குள் பாய்ந்து, சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். ‘உயிர் முக்கியமா, கை முக்கியமா’ என்று டாக்டர் கேட்பது இதனால்தான்.

3. ஒட்ட வைத்த கை பழையபடி வேலை செய்யுமா?

பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பழையபடி வேலை செய்யுமா என்பது நரம்பின் கையில் இருக்கிறது. அறுவையில் முதலில் எலும்பைக் கொஞ்சம் குறைத்து, கம்பியோ பிளேட்டோ போட்டு நிறுத்துவார்கள். எலும்பு குறைந்தால்தான் ரத்தக்குழாயும் நரம்பும் இழுவை இல்லாமல் எட்டும். பிறகு தசைநாண்கள், தமனி (ரத்தம் கொண்டுவரும் குழாய்), நரம்பு, சிரை. விரலில் இந்தக் குழாய்களின் தடிமன் சுமார் 1 மி.மீ.; தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். அறுவைக்குப் பின் விரல் வெளுத்துச் சில்லிட்டால் தமனி அடைத்திருக்கிறது. நீலம் பாரித்து வீங்கினால் சிரை அடைத்திருக்கிறது. இரண்டாவது நிலையில் தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச இன்றும் மருத்துவ அட்டைப்பூச்சிகளை விடுகிறார்கள். அதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. இந்த நாட்களில் ஒரு சிகரெட் போதும், குழாய் சுருங்கி எல்லா உழைப்பும் வீணாகிவிடலாம்.

இனி நரம்புக்கு வருவோம். தைத்த நரம்பு அப்படியே வேலை செய்யத் தொடங்குவதில்லை. தையலுக்குக் கீழே உள்ள இழைகள் அழிந்து, மேலிருந்து புது இழைகள் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் இறங்கி வர வேண்டும். மணிக்கட்டில் துண்டான கைக்கு அந்தப் பயணம் சில மாதங்கள். மேற்கையில் துண்டானால் உள்ளங்கைக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆகிவிடும். ஆனால் நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்தில் சுருங்கி நார்ப்பிடித்துவிடும். நரம்பு வந்து கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்காது. மேற்கையில் இணைத்த கைக்கு முழங்கை மடங்கும், விரலின் நுண்வேலை வராது என்பதற்கு இதுவே காரணம். இந்த 1 மி.மீ. கணக்கை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

1962-இல் பாஸ்டனில் ஒரு 12 வயதுச் சிறுவனின் துண்டான கையை ரொனால்ட் மால்ட் குழு இணைத்தது. முழுக் கை இணைப்பு வெற்றி பெற்றது அப்போதுதான். அன்றுமுதல் தையல் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. நரம்பின் வேகம் மட்டும் மாறவில்லை.

4. கால் எலும்பு நொறுங்கி 6 செ.மீ. போயிடுச்சு. காலை எடுத்துத்தான் ஆகணுமா?

எலும்பு போனது ஒன்று மட்டும் காலை எடுக்கக் காரணம் ஆகாது. ரத்த ஓட்டமும், உள்ளங்கால் நரம்பும், எலும்பை மூடிக்கொள்ளத் தசையும் இருக்கிறதா என்பதே கேள்வி. அவை இருந்தால் 6 செ.மீ. எலும்பை வளர்த்து எடுக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு.

முதலாவது, 1950களில் ரஷ்யாவின் குர்கன் நகரில் காவ்ரீல் இலிசாரோவ் உருவாக்கிய முறை. காலைச் சுற்றி வளையங்கள் போட்டு, இறுக்கிய மெல்லிய கம்பிகளால் எலும்பைப் பிடித்து, நல்ல இடத்தில் எலும்பை வெட்டிவிடுவார்கள். ஐந்து முதல் ஏழு நாள் சும்மா விட்ட பிறகு, நாளுக்கு 1 மி.மீ. வீதம் இழுக்க வேண்டும். அந்த 1 மி.மீ. ஒரே இழுப்பாக அல்ல, 0.25 மி.மீ. வீதம் நான்கு முறை. வேகம் கூடினால் எலும்பு மெலிந்து நரம்பு இழுபடும், குறைந்தால் வெட்டிய இடம் முன்னதாகவே கூடி நின்றுவிடும். 6 செ.மீ.க்கு இழுப்பு 60 நாள். ஆனால் புது எலும்பு கெட்டிப்பட்டு வளையத்தைக் கழற்ற அதைப்போலப் பல மடங்கு, மொத்தம் 6 முதல் 9 மாதம் ஆகும். கம்பி நுழையும் துளைகளில் சீழ் பிடிப்பதுதான் அதிகம் வரும் தொல்லை. தினமும் சுத்தம் செய்வதை நோயாளி கற்றுக்கொள்ள வேண்டும். கால் நீளத்தைக் கூட்டுவதற்கு மட்டுமானால் இப்போது எலும்புக்குள்ளேயே போடும் காந்த ராட் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கருவியைக் காட்டினால் உள்ளே நீள்கிறது, வளையம் இல்லை.

இரண்டாவது, ஃபிரான்ஸின் மாஸ்க்லே முறை. வெற்றிடத்தில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட் உருளையை வைத்து 6 முதல் 8 வாரம் விடுவார்கள். அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்க்கும். பிறகு சவ்வைக் கீறி, சிமென்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்தோ தொடை எலும்பின் உட்குழியிலிருந்தோ எடுத்த எலும்புத் துகளை நிரப்புவார்கள். ரத்தக்குழாய்கள் நிறைந்த அந்தச் சவ்வு ஒரு பையைப்போலத் துகளைக் காத்து எலும்பாக்குகிறது.

5. இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 3டி பிரின்டர்ல டைட்டானியம் எலும்பு அடிச்சு வைக்க முடியாதா?

சில இடங்களில் வைக்கிறார்கள். புற்றுநோயால் இடுப்பெலும்பின் பகுதியை எடுத்தவர்களுக்கும், தேய்ந்த இடுப்புக் கிண்ணத்தை மாற்றும்போதும் சி.டி. ஸ்கேனை வைத்து அச்சடித்த டைட்டானியம் நன்றாக உதவுகிறது. துளைத்துளையாக அச்சடித்தால் எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

காலின் நடுவில் நீளமாக வைக்கும்போது மூன்று சிக்கல்கள். டைட்டானியம் எலும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பானது. எடை முழுவதையும் உலோகமே தாங்க, சும்மா இருக்கும் எலும்பு மெலிந்துபோகும். அடுத்து, எலும்பில் தினமும் விழும் நுண்விரிசலை உடம்பு சரிசெய்துகொள்ளும், உலோகத்தில் விழுந்த விரிசல் வளர மட்டுமே செய்யும். மூன்றாவது கிருமி. உலோகத்தின் மேல் அது ஒரு படலம் கட்டிக்கொண்டால் ரத்தத்தில் வரும் மருந்து அதைத் தொடாது, கழற்றித்தான் ஆக வேண்டும். சொந்த எலும்பை வளர்க்க வழி இருக்கும் வரை அதுவே மேல்.

6. காலை எடுத்தாச்சு. செயற்கைக்கால் எப்ப போடலாம்? அதுவரை என்ன செய்யணும்?

காயம் ஆறி வீக்கம் வற்றியதும், பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் தற்காலிகக் கால். வெட்டியபின் மீந்த பகுதி ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் சாக்கெட்டை, அதாவது அந்தப் பகுதி நுழையும் கிண்ணம் போன்ற உறையை, மாற்ற வேண்டி வரும். அது யாருடைய தவறும் அல்ல.

காத்திருக்கும் வாரங்கள் வெறும் காத்திருப்பு அல்ல. எலாஸ்டிக் கட்டை எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. வளையல்போலச் சுற்றினால் நுனி பல்ப் மாதிரி வீங்கி எந்தச் சாக்கெட்டுக்குள்ளும் போகாது. நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்றுங்கள். முட்டிக்குக் கீழே எடுத்தவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முட்டிக்கு மேலே எடுத்தவர்கள் தினம் இரண்டு மூன்று முறை, 20 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பு முன்பக்கம் மடங்கி இறுகிவிட்டால், எவ்வளவு உயர்ந்த செயற்கைக்கால் வாங்கினாலும் நேராக நிற்க வராது.

7. செயற்கைக்கால் போட்டா புண் வருது. கால் மட்டமா?

பெரும்பாலும் காலில் தவறில்லை, சாக்கெட்டின் அளவில்தான். காலையில் பொருந்தியது மாலையில் தளர்வது இயல்பு. மீந்த பகுதி சுருங்கி சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கினால் எலும்பின் நுனி அடியில் இடிக்கும். அப்போது ஒரு சாக்ஸ் கூடுதலாகப் போட்டால் மேலே தூக்கிக் கொடுக்கும். சாக்ஸ் மேல் சாக்ஸ் என்று அடுக்கியும் தளர்ந்தால் புதுச் சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது.

கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை. மறையாமல் நிற்கும் சிவப்பு நாளைய புண். எந்த இடம் இடிக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தத் தோலில் லிப்ஸ்டிக் தடவி மாட்டி, நாலு எட்டு நடந்து கழற்றுங்கள். சாக்கெட்டின் உட்சுவரில் இடிக்கும் இடம் தானே பதிந்திருக்கும். செயற்கைக்கால் செய்பவர் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்பார். மேலே இறுக்கமாகவும் நுனியில் வெற்றிடமாகவும் இருந்தால் வேறு தொல்லை: நுனித்தோல் கருத்து, தடித்து, மருபோலச் சொரசொரப்பாகும். களிம்பு தடவிப் பயனில்லை, நுனியும் படும்படி சாக்கெட்டைத் திருத்தினால் தானே அடங்கும்.

சிலிக்கோன் லைனரை (சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டிப் போடும் மெத்தென்ற உறை) ஒவ்வோர் இரவும் மென்மையான சோப்பால் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசிக் காயவையுங்கள். மீந்த பகுதியில் முடியைச் சிரைக்காதீர்கள், வேர்க்கால்களில் கட்டி கட்டியாகக் கிளம்பும்.

8. சாக்கெட்டே வேண்டாம், எலும்புலயே மாட்டிடலாம்னு சொல்றாங்களே?

உண்மைதான். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் கண்டார். முதலில் பல்லுக்குப் பயன்பட்டது. 1990-இல் அதே முறையில் தொடை எலும்புக்குள் திருகு வைத்து, அதன் மறுமுனையைத் தோல் வழியே வெளியே கொண்டுவந்து செயற்கைக்காலை மாட்டினார்கள். மாட்டவும் கழற்றவும் நொடிகள் போதும். உட்காரும்போது தொடையை அறுக்காது, வியர்வைத் தொல்லை இல்லை. தரை கல்லா புல்லா என்பதுகூட எலும்பு வழியே ஓரளவு தெரிகிறது என்கிறார்கள் பயன்படுத்துபவர்கள்.

மூல முறையில் இரண்டு அறுவைகள், நடுவில் பல மாதம் இடைவெளி. பிறகு எடையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வீட்டு எடை மெஷின் மேல் ஊன்றி 20 கிலோவில் தொடங்கி, வலி இல்லாவிட்டால் வாரத்துக்குச் சுமார் 10 கிலோ கூட்டுவார்கள். அவசரப்பட்டால் எலும்பு ஒட்டுவதற்குள் திருகு தளர்ந்துவிடும். ஒரே அறுவையில் முடிக்கும் முறைகளும் இப்போது நடைமுறையில் உள்ளன.

9. தோலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கிட்டு இருந்தா சீழ் பிடிக்காதா?

பிடிக்கும். தோலும் உலோகமும் சந்திக்கும் இடம் ஒருநாளும் முழுதாக மூடிக்கொள்வதில்லை. மேலோட்டமான தொற்று பலருக்கும் எப்போதாவது வரும், மாத்திரையில் அடங்கும். கிருமி எலும்புக்குள் இறங்குவது குறைவு, ஆனால் இறங்கினால் திருகையே எடுக்க வேண்டி வரலாம். பல்லின் ஈறு இந்த மூடும் வேலையை இயற்கையாகவே செய்கிறது. அதைப்போல உலோகத்தைச் சுற்றித் தோல் இடைவெளியின்றி மூடிக்கொள்ளச் செய்வதுதான் இந்தத் துறை இன்னும் தாண்டாத படி. விழுந்தால் எலும்பு முறியும் என்பதால், கம்பிக்கும் செயற்கைக்காலுக்கும் நடுவே அதிக முறுக்கு வந்தால் கழன்றுவிடும் பாதுகாப்புப் பாகம் ஒன்று உண்டு. அதைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

கால் ரத்தக்குழாய் அடைப்பால் காலை இழந்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், புகைப்பதை விடாதவர்கள், அந்த எலும்பில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், உடல் எடை 100 கிலோவைத் தாண்டியவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இதைச் செய்வதில்லை. சாக்கெட் நன்றாகப் பொருந்துகிறவருக்கும் இது தேவையில்லை.

10. இல்லாத கால் வலிக்குது. மனப்பிரமையா?

பிரமை இல்லை, நிஜ வலி. காலை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வெட்டுப்பட்ட நரம்பின் நுனி. 3-ஆம் கேள்வியில் சொன்னபடி நரம்பு இழைகள் வளர முயலும். போய்ச் சேர இடம் இல்லாததால் சுருண்டு ஒரு முடிச்சாகிவிடும். ஓர் இடத்தைத் தட்டினால் மின்சாரம் பாய்வதுபோல இருந்தால் அது இந்த முடிச்சு. மற்றொன்று, மூளையில் உள்ள காலின் வரைபடம் அழியாமல் இருப்பது.

மூளைப் பங்குக்கு, நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சி உதவுகிறது. இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைப்பதாக நினைத்து அசைக்க வேண்டும். தினம் 15 நிமிடம், குறைந்தது நான்கு வாரம். இரண்டு நாள் செய்துவிட்டு ‘பயனில்லை’ என்று விடுபவர்களே அதிகம். நரம்பு முடிச்சுக்கு அறுவை உண்டு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

11. நினைச்சாலே அசையுற கைன்னு வீடியோல காட்டுறாங்களே, அது மூளையில சிப் வைச்சா?

பெரும்பாலும் இல்லை. தசை சுருங்கும்போது தோலின் மேல் எழும் நுண்மின்சாரத்தைச் சாக்கெட்டுக்குள் இருக்கும் எலெக்ட்ரோடு படிக்கிறது. எளிய கையில் இரண்டே எலெக்ட்ரோடு: முன்கையின் ஒரு பக்கத் தசையை இறுக்கினால் விரல் மூடும், மறுபக்கம் இறுக்கினால் திறக்கும். வியர்த்தாலோ சாக்கெட் நகர்ந்தாலோ சிக்னல் குழம்பும். வீடியோவில் அது தெரியாது.

முழங்கைக்கு மேலே போனால் விரலை அசைக்கும் தசையே இல்லை. ஆனால் விரலுக்குப் போன நரம்புகள் தோளுக்கு அருகில் உயிரோடு இருக்கின்றன. 2002-இல் சிகாகோவில் டாட் குய்கனும் கிரகரி டுமேனியனும் அந்த நரம்புகளைப் பிரித்து மார்புத் தசையின் துண்டுகளில் இணைத்தார்கள். சில மாதத்தில் நரம்பு தசைக்குள் வளர்ந்தது. ‘கையை மூடு’ என்று நினைத்தால் மார்பின் ஒரு துண்டு துடிக்கும், எலெக்ட்ரோடு அதைப் படித்துக் கையை மூடும். போக இடம் கிடைத்த நரம்பு முடிச்சுப் போடாது என்பதால் 10-ஆம் கேள்வியின் வலியும் குறைகிறது. இன்று பல இடங்களில் வலியைத் தடுப்பதற்காகவே, கையையோ காலையோ எடுக்கும் அதே அறுவையில் இதைச் செய்கிறார்கள். நரம்பு நுனியை ஒரு சிறு தசைத் துண்டால் பொதிந்துவிடும் எளிய மாற்றும் உண்டு.

12. செயற்கைக்கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பார்த்துத்தான் தெரியுது. அந்த உணர்ச்சி திரும்புமா?

நல்ல கேள்வி, ஏனென்றால் மோட்டார் வாங்கிவிடலாம், இந்த உணர்ச்சியை வாங்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கணுக்காலை மேலே இழுத்துப் பாருங்கள். முன்பக்கத் தசை சுருங்க, பின்பக்கத் தசை நீள்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துத்தான் பாதம் எங்கே என்று மூளை அறிகிறது. வழக்கமான அறுவையில் இரண்டு தசைகளையும் எலும்பு நுனியில் தைத்துவிடுவதால் அந்தச் செய்தி நின்றுபோகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹியூ ஹெர் குழு உருவாக்கிய முறையில் எதிரெதிர்த் தசைகளை ஒன்றோடொன்று கோத்து, ஒன்று சுருங்கினால் மற்றது நீளும்படி விடுகிறார்கள். 2024-இல் வெளியான ஆய்வில் 14 பேர், அவர்களில் ஏழு பேர் இந்த அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களின் உச்ச நடைவேகம் மற்றவர்களைவிட 41% அதிகம். இயல்பான காலில் வரும் தசைச் செய்தியில் 20%-க்கும் குறைவாகத் திரும்பியதே இதற்குப் போதுமானதாக இருந்தது.

13. மூளைச்சாவு அடைஞ்சவங்க கையை நமக்கு வைக்கலாமா?

வைக்கலாம். 1998-இல் லியோன் நகரில் ழான்-மிஷேல் துபெர்னார் குழு முதல் வெற்றிகரமான மாற்றுக்கையைப் பொருத்தியது. அதைப் பெற்றவர் மருந்தை நிறுத்தினார், உடம்பு கையைத் தள்ளத் தொடங்கியது, 2001-இல் எடுத்துவிட்டார்கள். தையல் வேலை 3-ஆம் கேள்வியில் சொன்னதேதான், நரம்பின் 1 மி.மீ. கணக்கும் அதேதான். கூடுதல் பாரம் மருந்து. கை வெறும் எலும்பு அல்ல, அதில் தோல் இருக்கிறது; உடம்பு மிகக் கடுமையாக எதிர்ப்பது தோலைத்தான். உடம்பின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகச் சேதம், தொற்று, சில புற்றுநோய்கள் ஆகியவை அவற்றின் விலை. கையில் சிவந்த தடிப்புகள் தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை, அன்றே போக வேண்டும்.

இரண்டு கைகளையும் இழந்தவருக்கு இந்தப் பாரம் ஏற்கத் தக்கதாக இருக்கலாம். ஒரு கை இருப்பவருக்கு, எங்கள் கருத்தில், பெரும்பாலும் இல்லை. 2015-இல் ஃபிலடெல்ஃபியாவில் 8 வயதுச் சிறுவனுக்கு இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். அவன் ஏற்கெனவே மாற்றுச் சிறுநீரகத்துக்காக அதே மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தான் என்பது முக்கியம். கால் மாற்று மிக அரிது: நல்ல செயற்கைக்கால் நடையைக் கொடுத்துவிடுகிறது, காலின் நரம்புப் பாதையோ கையைவிட நீளம்.

14. பல்லிக்கு வால் முளைக்குது, நமக்கு ஏன் முளைக்காது?

பல்லிக்கு முளைப்பது பழைய வால் அல்ல. உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். உண்மையில் காலை முளைக்க வைப்பது ஆக்ஸலாட்டல் என்ற நீர்வாழ் சலமாண்டர். வெட்டுப்பட்ட இடத்தைத் தோல் செல்கள் ஒரு நாளுக்குள் மூடுகின்றன. அதன் அடியில் எலும்பு, தசை, தோல் இணைப்புத் திசுக்களின் செல்கள் இளநிலைக்குத் திரும்பி ஒரு மொட்டாகக் குவிகின்றன. மணிக்கட்டில் வெட்டினால் கை மட்டும், தோளில் வெட்டினால் முழுக்கையும் வளர்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்ற நினைவு அந்தச் செல்களில் இருக்கிறது. அந்தக் காலின் நரம்பை முன்பே வெட்டிவிட்டால் ஒன்றும் முளைக்காது. இங்கேயும் நரம்புதான்.

நமக்கு அந்த இடத்தில் தழும்பு விரைந்து வந்து மூடிவிடுகிறது. ஆனால் திறமை அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. சிறு குழந்தைகளின் விரல் நுனி நகத்தோடு துண்டானால், நக வேர் தப்பியிருந்தால், தைத்து மூடாமல் ஈரக் கட்டு மட்டும் போட்டுவிட்டால், நுனி ரேகையோடு திரும்ப வளர்கிறது. 1974-இல் ஷெஃபீல்டில் சிந்தியா இல்லிங்வொர்த் இதைப் பதிவு செய்தார். மானுக்கு ஒவ்வோர் ஆண்டும் கொம்பு உதிர்ந்து, எலும்பும் நரம்பும் ரத்தக்குழாயுமாகப் புதிதாக முளைக்கிறது. அதுவும் நம்மைப்போலப் பாலூட்டி.

15. தவளைக்குக் கால் முளைக்க வைச்சுட்டாங்களாமே? மனுசனுக்கு எப்ப?

2022-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெவின், டேவிட் கப்லான் குழு, வளர்ந்த தவளைகளின் வெட்டிய காலில் பட்டுப் புரதக் களியும் ஐந்து மருந்துகளும் கொண்ட சிலிக்கோன் மூடியை 24 மணி நேரம் மட்டும் மாட்டியது. அடுத்த 18 மாதங்களில் எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் உள்ள, கால் போன்ற உறுப்பு வளர்ந்தது. நீந்தவும் உதவியது. முழுமையான பாதம் வரவில்லை. ஒரே ஒரு நாள் தூண்டுதல் பல மாத வளர்ச்சியைத் தொடங்கி வைத்தது என்பதே இதன் பெரிய செய்தி.

மனிதருக்கு வருடம் குறிப்பது நேர்மையாகாது. குழந்தையின் கை பெரியவர் கையாக வளரப் பதினைந்து வருடம் எடுக்கிறது, அதே வேகத்தில் முளைக்கும் கை யாருக்குப் பயன்படும்? வேகத்தையும் கூட்ட வேண்டும், அது புற்றாக மாறாமலும் பார்க்க வேண்டும். முழுக்கைக்கு முன்பு விரல் கணு, மூட்டுக் குருத்தெலும்பு போன்ற சிறிய வெற்றிகள் வரும் என்று எதிர்பார்க்கலாம். உறுப்புதானத்தில் கிடைத்த கையின் செல்களைக் கழுவி வெளியேற்றி, மிஞ்சும் கூட்டில் நோயாளியின் செல்களைக் குடியேற்றும் முயற்சியும் நடக்கிறது. 2015-இல் பாஸ்டனில் எலியின் முன்காலில் ஹரால்ட் ஓட் குழு அதைச் செய்து காட்டியது.

16. ஸ்டெம் செல் ஊசி போட்டா முளைக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. போடலாமா?

வேண்டாம். எந்த ஊசியும் மனிதருக்குக் கையையோ காலையோ விரலையோ முளைக்க வைத்ததில்லை. முந்தைய இரண்டு பதில்களைப் படித்தால் காரணம் தெரியும்: செல் மட்டும் போதாது, இடநினைவும் நரம்பும் தழும்பின்மையும் வேண்டும். முறையான ஆய்வில் சேர்ப்பவர்கள் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் காட்டுவார்கள்.

17. குழந்தைக்குக் கால் எடுக்கணும்னா பெரியவங்க மாதிரியேதானா?

இல்லை, ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வளரும் எலும்பை நடுவில் வெட்டினால் நுனியில் எலும்பு கூராக வளர்ந்து தோலைக் குத்தும், திரும்பத் திரும்ப அறுவை செய்ய வேண்டி வரும். முடிந்தால் மூட்டிலேயே பிரிப்பது நல்லது. தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70% முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டில் நடக்கிறது. சின்ன வயதில் அதை இழந்தால், வளர்ந்த பிறகு மிகக் குட்டையான தொடைதான் மிஞ்சும். குழந்தை பிடித்துக்கொண்டு நிற்க முயலும் வயதிலேயே கால் போட்டுவிடலாம். வளர்ச்சிக்கு ஏற்ப ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு சாக்கெட் தேவைப்படும்.

18. சர்க்கரையால ஒரு கால் போயிடுச்சு. இன்னொன்னையாவது காப்பாத்தணும். என்ன செய்யலாம்?

தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்து அடியும் விரலிடுக்கும் பாருங்கள். செருப்பு போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அது தெரியாதவர் வெறுங்காலில் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது. பாதத்தின் ஓர் இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தால் புண்ணுக்கு முந்தைய நிலை அது. சில நாள் நடையைக் குறைத்து, காட்டுங்கள். புண் வந்துவிட்டால் மருந்தைவிட முக்கியம் எடை படாமல் வைப்பது.

19. பத்து வருசத்துல நல்லது வரும்னா, இப்ப எதுவும் போடாம காத்திருக்கலாமா?

கூடாது. பயன்படாத தசை சுருங்கும், எலும்பு மெலியும், மூட்டு இறுகும், நல்ல கால் இரட்டைப் பாரத்தில் தேயும். மேலே சொன்ன எந்த வருங்கால முறைக்கும் தேவைப்படுவது வலுவான எலும்பு, உயிருள்ள தசை, முடிச்சில்லாத நரம்பு, தழும்பு குறைந்த தோல். இன்றைய எளிய செயற்கைக்காலில் நடந்துகொண்டிருப்பவரிடம் முதல் இரண்டும் நிலைத்திருக்கும். ஐந்து வருடம் சக்கர நாற்காலியில் காத்திருந்தவரிடம் இருக்காது.

20. நாளன்னைக்கு ஆபரேஷன். டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?

உயிர் ஆபத்து இல்லாத, ஓரிரு நாள் அவகாசம் உள்ள அறுவை என்றால் இவற்றைக் கேளுங்கள். எந்த மட்டத்தில் வெட்டுகிறீர்கள், முட்டியைக் காப்பாற்ற வழி இல்லையா? முட்டிக்குக் கீழே எடுத்தவர் நடக்கச் சுமார் 25% கூடுதல் சக்தி செலவாகும். மேலே எடுத்தவருக்கு 60%-க்கும் மேல். நரம்புகளை இழுத்து வெட்டி விடுவீர்களா, தசையில் இணைப்பீர்களா? தசையை எலும்பில் துளையிட்டுக் கட்டுவீர்களா, தோலுக்கு அடியில் தளர்வாக விடுவீர்களா? தளர்ந்த தசை பின்னால் எலெக்ட்ரோடுக்கும் உதவாது, சாக்கெட்டுக்குள்ளும் நிற்காது. எலும்பு நுனியை மழுக்குவீர்களா? தையல் தழும்பு எடை தாங்கும் இடத்தில் வருமா?

அறுவைக்கு முன்பே செயற்கைக்கால் செய்பவரையும் பிசியோதெரபிஸ்டையும் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு நீளம், குறிப்பாக முட்டிக்குக் கீழே எத்தனை செ.மீ. விடலாம் என்பதில், கால் மாட்டப்போகிறவரின் சொல்லுக்கு எடை உண்டு. பாதமும் கணுக்காலும் பொருத்த இடம் வேண்டும் என்பதால் நீளமாக விடுவதே எப்போதும் நல்லது என்றும் இல்லை. அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நரம்பு எங்கே விடப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். 11, 12-ஆம் பதில்களில் உள்ள அறுவையைப் பின்னாளில் செய்ய வருபவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.